வாக்குச்சாவடி வரிசைக்கு எந்த மென்பொருள்? முன்கணக்கு, நேரலை, டேப்லெட்: ஓர் ஒப்பீடு

ஒரு வாக்குச்சாவடியில் 1,200 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது பேர் வந்தால் 840. காலை 7 முதல் மாலை 6 வரை பதினொரு மணி நேரம், அதாவது 660 நிமிடம். வகுத்தால் ஆளுக்கு 47 விநாடி. அதே சாவடியில் 1,500 பேர் இருந்தால் வருகிறவர்கள் 1,050. ஆளுக்கு 38 விநாடிகூடக் கிடைக்காது. தேர்தல் ஆணையம் 2025ல் ஒரு சாவடிக்கான உச்சவரம்பை 1,500லிருந்து 1,200 ஆகக் குறைத்தபோது வாக்காளருக்குக் கிடைத்தது இந்த ஒன்பது விநாடிதான். கேட்க அற்பமாக இருக்கும். வரிசையில் அது என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த 47 விநாடி ஒருவர் அறைக்குள் இருக்கும் நேரம் அல்ல. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விழும் இடைவெளி. உள்ளே நான்கு கட்டம் நடக்கிறது. முதல் அலுவலர் பட்டியலில் வரிசை எண்ணைத் தேடிப் பெயரை உரக்கப் படிக்கிறார், பூத் ஏஜென்ட்டுகள் தங்கள் பிரதியில் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் அடிக்கோடு போடுகிறார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, வாக்களிக்க வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, சீட்டு கொடுக்கிறார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த வாக்குக்கு இயந்திரத்தைத் திறந்துவிட கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்துகிறார். மறைப்புக்குள் போனவர் நீலப் பொத்தானை அழுத்தினால், போட்ட வாக்கை அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு 7 விநாடி தெரிந்து உள்ளே விழும், பீப் சத்தம் கேட்கும். நாலு கட்டத்தில் எது மிக மெதுவோ அதுதான் வரிசையின் வேகம். மற்ற மூன்றையும் எவ்வளவு விரைவாக்கினாலும் வெளியே நிற்பவருக்குப் பலன் இல்லை.

வாக்காளர்களும் 47 விநாடிக்கு ஒருவராக வருவதில்லை. வெயில் ஏறுமுன் போட்டுவிட்டு வரலாம் என்று பாதித் தெரு காலையிலேயே கிளம்புகிறது. மத்தியானம் அலுவலர்கள் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். நாலு மணிக்கு மேல் மறுபடி கூட்டம்.

இந்தச் சிக்கலுக்கு மென்பொருள் என்று இன்று பேசப்படுபவை மூன்று வகை. வரிசையில் எத்தனை பேர் என்பதை மொபைலில் காட்டுவது முதல் வகை. பட்டியல் பார்க்கும் மேசையையே மின்னணுவாக்கி வேகப்படுத்துவது இரண்டாவது. தேர்தலுக்கு வாரக்கணக்கில் முன்பே எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் காத்திருப்பு வரும் என்று கணித்து, ஆளையும் இடத்தையும் அதற்கேற்ப ஒதுக்குவது மூன்றாவது. ஒரு மாவட்டத் தேர்தல் அலுவலர் கையில் ஒன்றுக்கு மட்டும் பணமும் ஆளும் இருந்தால் எதை எடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. என் பதில் மூன்றாவது. அதற்குத்தான் விளம்பரம் மிகக் குறைவு.

மொபைலில் வரிசை

முதல் வகை கண்ணுக்குத் தெரிவது, அதனால் எல்லோருக்கும் பிடித்தது. தெலங்கானாவின் 2023 சட்டமன்றத் தேர்தலில் ஹைதராபாத் மாநகராட்சி இப்படி ஒரு வசதி கொடுத்தது. தில்லியில் 2025 பிப்ரவரி 5 தேர்தலுக்கு வரிசை நிலவரம் காட்டும் செயலி வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில் கிளம்பலாம். நகர வாக்காளரைச் சாவடிக்கு வரவழைக்க நல்ல யோசனை என்றுதான் முதலில் தோன்றும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் மாரிகோபா கவுன்டியும் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் போல) ஒவ்வொரு மையத்திலும் எவ்வளவு காத்திருப்பு என்று இணையத்தில் காட்டுகிறது. அங்கே அது நன்றாக வேலை செய்யக் காரணம் இருக்கிறது. அந்தக் கவுன்டி வாக்காளர் எந்த மையத்துக்கும் போய் வாக்களிக்கலாம்; அவருக்குரிய வாக்குச்சீட்டை அங்கேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு மையத்தில் ஒரு மணி நேரம் என்று திரையில் தெரிந்தால் பத்து நிமிடம் வண்டி ஓட்டி அடுத்ததுக்குப் போய்விடுவார். கூட்டம் தானாகப் பரவும்.

நம் ஊரில் ஒரு வாக்காளருக்கு ஒரு சாவடி, பட்டியலில் அந்தச் சாவடிக்கான ஒரு பாகம், அதில் ஒரு வரிசை எண். ஒரே பள்ளி வளாகத்தில் ஆறு சாவடி இருக்கும். மூன்றாம் அறை வாசலில் எண்பது பேர் நிற்பார்கள், நாலாம் அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் அறைக்காரர் நாலாம் அறைக்குள் போக முடியாது. ஆகவே நேரலைக் காட்சி நமக்கு இடத்தை மாற்றித் தராது. நேரத்தை மாற்ற மட்டும்தான் உதவும். நேரத்தை மாற்றிக்கொள்ள முடிகிறவர் யார்? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், ஓய்வு பெற்றவர், சாவடிக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மதியம் ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவரும், சொந்த ஊருக்கு பஸ் பிடித்து வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிறவரும் திரையைப் பார்த்து என்ன செய்வார்கள்?

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டிய விஷயம். யாராவது நின்று எண்ணிப் பதிவிட வேண்டும், அல்லது கேமரா எண்ண வேண்டும். வாக்குப்பதிவு நாளில் பிஎல்ஓவுக்கு, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு, ஏற்கெனவே வாசலில் உதவி மேசை வேலை இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை வரிசையை எண்ணு என்றால், காலை ஏழரைக்கு, எண்ணிக்கை மிகத் தேவைப்படும் அதே நேரத்தில், அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. எட்டு மணிக்கு எண்ணியதை எட்டே முக்காலுக்கு ஒருவர் பார்த்து ஒன்பதே காலுக்கு வந்து சேர்ந்தால் அவர் பார்த்தது பழைய கணக்கு. ‘இப்போது கூட்டமில்லை’ என்று ஒரே நேரத்தில் இருநூறு பேருக்குத் தெரிந்தால் அந்த இருநூறு பேருமே அடுத்த கூட்டம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: நம் சாவடியில் வரிசை ஒன்று அல்ல. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை. பெண்கள் வரிசையிலிருந்து இரண்டு பேர், ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவர் என்று விடுகிற வழக்கமும் உண்டு. அப்படி விடும் சாவடியில் இரண்டு வரிசையிலும் நாற்பது பேர் நின்று, பின்னால் ஆள் வந்துகொண்டே இருந்தால், ஆண்களின் காத்திருப்பு பெண்களுடையதைப் போல இரு மடங்கு. செயலியில் ‘80 பேர்’ என்று ஒரே எண்ணாகத் தெரிந்தால் அது யாருடைய வரிசை?

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. இந்தக் காட்சி வாக்காளரைவிடக் கட்டுப்பாட்டு அறைக்குப் பயன்படும். ஒரு சாவடியில் மட்டும் வரிசை நகரவே இல்லை என்று எட்டரைக்குத் தெரிந்தால், பல சாவடிகளைக் கவனிக்கும் மண்டல அலுவலரை உடனே அனுப்பலாம். இயந்திரம் கோளாறா, முதல் அலுவலர் திணறுகிறாரா, ஏஜென்ட்டுகள் ஒவ்வொரு பெயருக்கும் தகராறு செய்கிறார்களா என்று அவர் போய்ப் பார்ப்பார். அதற்கு எல்லாச் சாவடியும் தேவையில்லை. வம்பு வரும் என்று முன்பே குறித்துவைத்த சாவடிகள் போதும். எவற்றைக் குறிப்பது என்பதற்கு மூன்றாம் வகை மென்பொருள் வேண்டும்.

டோக்கன் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உதவி மேசையில் டோக்கன் கொடுத்து வரிசையைத் தவிர்க்கும் ஏற்பாடு இருந்தது. பந்தல், நாற்காலி, எண் போட்ட அட்டை இருந்தால் போதும். காத்திருக்கும் நேரம் குறையாது, கால் வலி குறையும். எழுபது வயதுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதற்கு மென்பொருள் எதற்கு?

மேசையில் டேப்லெட்

இரண்டாம் வகைக்கு வாதம் வலுவானது, ஏனென்றால் அது மெதுவான கட்டத்தையே தொடுகிறது. பூத் ஸ்லிப்போடு வருகிறவரை முதல் அலுவலர் சில விநாடியில் அனுப்பிவிடுவார். ஸ்லிப் இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் நீட்டுகிறவர் வந்தால் நிலைமை வேறு. அட்டையில் இருப்பது எபிக் எண், அதாவது அந்த அட்டையின் எண். பட்டியலோ வீட்டு வரிசைப்படி ஓடுகிறது. “எந்தத் தெரு, கதவு எண் என்ன” என்று கேட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். டேப்லெட்டில் எபிக் எண்ணைத் தட்டினால் வரிசை எண் வந்து நிற்கும். கர்நாடகத்தில் 2023 மே தேர்தலின்போது பெங்களூரில் ஒரு சாவடியில் முகம் பார்த்து அடையாளம் காணும் சோதனைகூட நடந்தது.

ஆபத்தும் அதே இடத்தில்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 2020 மார்ச் 3 அன்று நடந்த, கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலுக்குப் புதிய மையங்களையும் மின்னணுப் பட்டியலையும் கொண்டுவந்தது. எந்த மையத்திலும் போடலாம் என்பதால், ஒருவர் ஏற்கெனவே போட்டாரா என்பதை எல்லா டேப்லெட்டும் ஒன்றுக்கொன்று பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சுதான் அன்று தடுமாறியது. பெயரைச் சரிபார்க்கும் மேசையிலேயே கூட்டம் தேங்கி, மணிக்கணக்கில் வரிசை நீண்டது. காத்திருப்பைக் குறைக்க வாங்கிய கருவியே காத்திருப்புக்குக் காரணமாயிற்று.

நம் அமைப்பில் ஒரு சாவடிப் பட்டியல் அந்த ஒரு சாவடிக்குத்தான். எனவே டேப்லெட்டுகள் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. அந்த 1,200 பேரின் பட்டியலை இணையமே இல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் நமக்கு அமெரிக்கர்களைவிட வசதி. ஆனால் காகிதப் பட்டியலையும் 17ஏ பதிவேட்டையும் விட்டுவிட முடியாது. சட்டமும் விடாது, ஏஜென்ட்டுகளும் விடமாட்டார்கள். ஆகவே டேப்லெட் வந்தாலும் காகித வேலை அப்படியே இருக்கும், தேடும் வேலை மட்டும் குறையும். தேடும் வேலையைக் குறைக்க இன்னும் மலிவான வழி ஒன்றை ஆணையமே 2025ல் எடுத்தது: வாக்காளர் தகவல் சீட்டில், அதாவது பூத் ஸ்லிப்பில், பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பெரிய எழுத்தில் தெளிவாக அச்சிடுவது. அறிவிப்புக்கு ஒரு நாள் செய்தி மதிப்புதான். ஆனால் ஸ்லிப் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால் டேப்லெட் செய்யும் வேலையில் பெரும்பங்கை அந்தத் துண்டுச் சீட்டே செய்துவிடும். வாசலில் இருக்கும் பிஎல்ஓவிடம் டேப்லெட்டைக் கொடுத்து, ஸ்லிப் இல்லாதவருக்கு அங்கேயே வரிசை எண் எழுதித் தருவது அதற்கு அடுத்த நல்ல வழி. உள்ளே மேசையில் வைப்பதைவிட அதுவே மேல். பழுதானால் வரிசை நிற்காது.

முன்கூட்டியே கணக்கு

மூன்றாம் வகைக்கு வயது அதிகம். ஒரு தொலைபேசி நிலையத்தில் எத்தனை இணைப்பு வைத்தால் அழைப்பவர் காத்திருக்க வேண்டாம் என்ற கணக்கை கோபன்ஹேகனில் எர்லாங் என்ற டேனிஷ் கணித வல்லுநர் 1909லிருந்து போடத் தொடங்கினார். வங்கிக் கவுன்டரிலிருந்து மருத்துவமனை வரை அதே கணக்கின் வாரிசுகள்தான். தேர்தலுக்கு அது தீவிரமாக வந்தது அமெரிக்காவில் 2012க்குப் பிறகு. அந்த ஆண்டு நவம்பரில் பல மாநிலங்களில், முக்கியமாக ஃபுளோரிடாவில், மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். வெற்றி உரையிலேயே ஒபாமா அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். 2013ல் ஒரு ஆணையம் அமைத்தார். அதன் இரு தலைவர்களில் பாப் பாவர் ஒபாமா பிரசாரத்தின் வழக்கறிஞர். பென் கின்ஸ்பெர்க் எதிர்த்துப் போட்டியிட்ட ராம்னியின் வழக்கறிஞர். 2014 ஜனவரியில் வந்த அறிக்கை ஒரு எண்ணைச் சொன்னது: யாரும் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. கூடவே, 2000ம் ஆண்டு ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைக் குழப்பத்துக்குப் பின் இரு பல்கலைக்கழகங்கள் தொடங்கிய கால்டெக்–எம்ஐடி வாக்களிப்புத் தொழில்நுட்பத் திட்டம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி சில கணிப்புக் கருவிகளை இணையத்தில் வைத்தது. எத்தனை பேர் வருவார்கள், உச்ச நேரத்தில் எத்தனை பேர், சரிபார்க்க எவ்வளவு நேரம், வாக்களிக்க எவ்வளவு நேரம், எத்தனை மேசை, எத்தனை இயந்திரம் என்று நிரப்பினால், வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்லும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த விநாடிக் கணக்குக்குப் போவோம். காலை 7 முதல் 9 வரை ஒரு சாவடிக்கு 200 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். 45 விநாடிக்கு ஒருவர் வெளியேறினால் இரண்டு மணி நேரத்தில் 160 பேர் முடிவார்கள். ஒன்பது மணிக்கு 40 பேர் மிச்சம்; அப்போது கடைசியில் வந்து சேர்கிறவருக்கு 30 நிமிடம். அதே சாவடியில் இடைவெளி 55 விநாடி ஆகட்டும். இப்போது முடிவது 131 பேர்தான். மிச்சம் 69. கடைசியில் நிற்பவருக்கு 63 நிமிடம். பத்து விநாடி கூடியதற்குக் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் போய்விட்டது. மேசை நிரம்பி வழியும் கட்டத்தில் ஒவ்வொரு விநாடியும் இப்படித்தான் விலை ஏறும். மாலையில் போய் ‘மெதுவான சாவடி’ என்று ஒரு செயலி காட்டினால், அந்த 63 நிமிடம் ஏற்கெனவே போனது போனதுதான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

இப்படிச் சராசரி வைத்துப் போடும் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும். பாடப்புத்தகச் சூத்திரங்கள் பெரும்பாலும் வரிசை ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வாக்குச்சாவடி நிதானத்துக்கு வருவதே இல்லை. கதவு திறக்கும்போதே அறுபது பேர் நிற்பார்கள். அதனால் ஒரு நாளை கணினிக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கும் பாவனை (சிமுலேஷன்) முறைதான் பொருத்தம். அதில்தான் ‘எட்டு மணிக்கு விவிபேட் நின்று, மாற்ற இருபது நிமிடம் ஆனால்?’ என்று கேட்க முடியும். 45 விநாடிக் கணக்கில் இருபது நிமிடம் என்றால் சுமார் 27 பேர் தேங்குவார்கள். அவர்களுக்குப் பின் வருகிறவர்கள் எல்லோரும், கூட்டம் தணியும் வரை, அந்த இருபது நிமிடத்தைச் சேர்த்துச் சுமப்பார்கள். நேரம் போட்டு ஒருவர் எழுதினால் ஒரு விரிதாளிலேயே இதைச் செய்துவிடலாம்.

அமெரிக்கக் கருவியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே ஒரே வாக்குச்சீட்டில் அதிபரிலிருந்து நீதிபதி வரை, கூடவே மாநிலத் தீர்மானங்களும் இருக்கும். நிரப்பப் பல நிமிடம் ஆகும். அவர்களுடைய கேள்வி எத்தனை மறைப்பு, எத்தனை ஸ்கேனர் என்பது. நம்மிடம் ஒரு சாவடிக்கு ஒரே கன்ட்ரோல் யூனிட். பொத்தான் அழுத்தச் சில விநாடி. பெரும்பாலும் மேசையே தேங்கும் இடம். விதிவிலக்கும் உண்டு. ஈரோடு கிழக்கில் 2023 பிப்ரவரி இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள், நோட்டாவோடு 78 பொத்தான், ஐந்து பேலட் யூனிட். சின்னத்தைத் தேடி ஐந்து பெட்டியில் கண்ணை ஓட்டும் வயதானவரை யாரும் அவசரப்படுத்த முடியாது. அப்படிப்பட்ட தொகுதியில் மெதுவான கட்டம் மறைப்புக்குள் போய்விடும்; மேசையில் எத்தனை டேப்லெட் வைத்தாலும் வரிசை அசையாது. வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்த அன்றே கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

உள்ளே போடும் எண் தப்பானால் வெளியே வருவதும் தப்புதான். மாரிகோபாவே அதற்குச் சாட்சி. 2016 மார்ச் 22 அதிபர் வேட்பாளர் தேர்வுக்கு, பலர் தபாலில் போட்டுவிடுவார்கள் என்ற கணக்கில், முன்பு இருநூறுக்கு மேல் இருந்த வாக்களிப்பு இடங்களை அறுபதாகக் குறைத்தார்கள். வந்த கூட்டம் கணக்கைவிட மிக அதிகம். எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் வந்து, தகுதி உண்டா இல்லையா என்று பார்ப்பதில் மேசை திணறியது. ஐந்து மணி நேரம் நின்றவர்கள் உண்டு. கடைசி ஆள் வாக்களித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தேர்தலை நடத்திய ஹெலன் பர்செல் அந்த ஆண்டு நவம்பரில் பதவியை இழந்தார். ஒரே ஒரு ‘எதிர்பார்க்கும் எண்ணிக்கை’யை நம்பாமல், வருகை இருபது சதவீதம் கூடினால், நாற்பது கூடினால் என்று ஓட்டிப் பார்த்திருந்தால் அறுபது என்ற முடிவை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நமக்கு அந்த எண்கள் எங்கே கிடைக்கும்? கையிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு சாவடியின் தலைமை அலுவலரும் ஒரு நாட்குறிப்பு நிரப்பிக் கொடுக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை வாக்குப் பதிவானது என்று அதில் கட்டம் இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு எத்தனை சீட்டு கொடுக்கப்பட்டது என்றும் ஒரு கட்டம் உண்டு. வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு அது. பின்னால் வந்து யாரும் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆறு மணிக்கு அறுபது சீட்டு கொடுத்த சாவடியில் நாள் முழுக்கப் பிரச்சினை இருந்திருக்கும், அல்லது மாலையில் ஒரு திடீர்க் கூட்டம் வந்திருக்கும். இரண்டு மணி நேரக் கட்டங்களைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். காலையில் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு வாக்குப் பதிவாகியிருந்தால், அது மேசையின் முழுத் திறன். வெளியே வரிசை இருந்தது என்று அர்த்தம். நேரலைச் செயலி எதுவும் இல்லாமலே போன தேர்தலின் வரிசையை இந்தத் தாள் சொல்லும். கவலை என்னவென்றால், அது தாளாகவே அலமாரிக்குப் போகிறது.

அதில் இல்லாதது ஒன்றுதான்: வரிசையின் நீளம். அதை அளக்கக் கேமராவெல்லாம் வேண்டாம். அமெரிக்காவில் 2016 தேர்தலில் பைபார்டிசன் பாலிசி சென்டர் என்ற ஆய்வமைப்பும் எம்ஐடியும் சேர்ந்து பல கவுன்டிகளில் செய்த ஆய்வில், அலுவலர்கள் மணிக்கு ஒருமுறை தலை எண்ணித் தாளில் குறித்தார்கள். அவ்வளவுதான் கருவி. கதவு திறக்கும் நேரத்தில்தான் வரிசை நீளம் என்று அதிலிருந்து தெரிந்தது. ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த விதி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்: வரிசையில் இருப்பவர் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் முடிகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருப்பு. 40 பேர், நிமிடத்துக்கு ஒன்றே கால் பேர் என்றால் 32 நிமிடம். ஒரு தொகுதியில் இருபது சாவடியில் இப்படி எண்ணினாலே போதும். மீதிச் சாவடிகளுக்குக் கணக்கை நம்பலாம். வாக்குச்சாவடிக் கேமராப் பதிவிலிருந்து பிறகு எண்ணிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வழக்கு எதுவும் இல்லாவிட்டால் 45 நாளில் அந்தப் பதிவுகளை அழிக்கலாம் என்று 2025ல் ஆணையம் சொல்லிவிட்டது. எண்ணுவதாக இருந்தால் அதற்குள் எண்ண வேண்டும்.

எதை, எந்த வரிசையில்

கணக்குக் கருவி தரும் விடையை வைத்து ஒரு மாவட்ட நிர்வாகம் என்ன செய்ய முடியும் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். செய்ய முடியாத விடைக்கு மென்பொருள் எதற்கு? சாவடிக்கு இரண்டாவது இயந்திரம் வைக்க முடியாது. முடிவது மூன்று. உச்சவரம்புக்குள் இருந்தாலும் காத்திருப்பு ஒரு மணியைத் தாண்டும் என்று கணக்கு சொல்லும் சாவடியைத் துணைச் சாவடியாகப் பிரிக்கப் பரிந்துரைக்கலாம். மேசை திணறும் இடத்தில் கூடுதல் அலுவலர் ஒருவரைக் கேட்கலாம், வேகமான கைகளை அங்கே போடலாம். உதிரி இயந்திரமும் மண்டல அலுவலரின் வண்டியும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். 1,200 என்ற ஒரே வரம்பு எல்லாச் சாவடிக்கும் ஒன்றாக இருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 85 சதவீதம் பேர் வரும் கிராமத்துச் சாவடியில் 1,200 பேர் என்றால் 1,020 வாக்கு, ஆளுக்கு 39 விநாடி. 55 சதவீதம் வரும் நகரச் சாவடியில் 660 வாக்கு, சரியாக ஒரு நிமிடம். நெருக்கடி கிராமத்தில், ஆனால் மேலே பார்த்த வரிசைச் செயலிகள் வந்தது நகரத்துக்கு.

செலவைப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் எளிது. டேப்லெட் என்றால் ஒவ்வொரு சாவடிக்கும் ஒன்று, பழுதுக்கு உதிரி, சார்ஜ், பயிற்சி. நேரலைச் செயலிக்கு மென்பொருளைவிட, ஒவ்வொரு வாசலிலும் எண்ணும் ஆள்தான் உண்மையான செலவு. முன்கணக்குக்கு மாவட்டத்துக்கு இரண்டு பேர், ஒரு கணினி, நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்ய ஒரு மாதம். பாதிப்பிலும் வித்தியாசம் உண்டு: கணக்கு தப்பினால் பழைய நிலையிலேயே இருப்போம், மேசையில் வைத்த டேப்லெட் நின்றால் வரிசையே தடுமாறும்.

எனவே என் தேர்வு இப்படி. முதலில் கணக்கு, அதுவும் நாட்குறிப்புத் தரவோடு. அதோடு சில சாவடிகளில் தாளில் தலை எண்ணுவது. அடுத்தது, கணக்கு சிவப்புக் குறி போட்ட சாவடிகளில் மட்டும், கட்டுப்பாட்டு அறைக்காக நேரலை எண்ணிக்கை. அதை வாக்காளருக்கும் காட்டுவதானால் ஆண், பெண் என்று தனித்தனியாக, எத்தனை மணிக்கு எண்ணியது என்பதோடு, ஆள் எண்ணிக்கையாக இல்லாமல் நிமிடமாகக் காட்டட்டும். டேப்லெட் வாசலோடு நிற்கட்டும்.

ஒரு மாவட்டம் இதைத் தொடங்க வேண்டுமானால் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலின் நாட்குறிப்புகளை எடுத்து, வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் கொடுத்த சீட்டு எண்ணிக்கையை மட்டும் ஒரு விரிதாளில் ஏற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பார்க்கட்டும். மேலே வரும் ஐம்பது சாவடிகளில் எத்தனை ஒரே பள்ளி வளாகத்துக்குள் இருக்கின்றன, பக்கத்து அறையின் பாகத்தில் எத்தனை பேர் குறைவு என்று பார்த்தால், சில இடங்களில் சாவடியைக்கூடப் பிரிக்க வேண்டியிராது. இரண்டு தெருவை ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு மாற்றினாலே போதும். ஆனால் அதை வாக்குச்சாவடிச் சீரமைப்பு நடக்கும்போதே சொல்ல வேண்டும்; தேர்தல் அறிவித்த பிறகு கேட்டால் யாரும் செய்து தரமாட்டார்கள்.